ஆய்வு உதவித்தொகையில் பழைய கல்விக் கடனை அடைக்கலாமா? விதிகளும் கணக்கும்

புது தில்லி: பட்டப்படிப்பை முடித்த ஓராண்டுக்குள் மாணவர் வேலைக்குச் சென்றுவிடுவார் என்ற எதிர்பார்ப்பின் மீதே இந்தியாவின் கல்விக் கடன் முறை கட்டப்பட்டிருக்கிறது. படிப்புக் காலம், அதற்குப் பின் ஓராண்டு, பிறகு மாதத் தவணை என்பதே அதன் வரிசை. ஆனால் பட்டம் பெற்றதும் வேலைக்குச் செல்லாமல் முதுநிலைக்கும் முனைவர் பட்ட ஆய்வுக்கும் செல்லும் மாணவர்கள் இந்த வரிசையில் அடங்குவதில்லை. முதல் தவணை கேட்டு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்போது அவர்கள் இன்னும் வகுப்பறையிலோ ஆய்வகத்திலோ இருக்கிறார்கள். அவர்களிடம் உள்ள ஒரே வருவாய் உதவித்தொகைதான். அந்தப் பணத்தைக் கொண்டு பழைய கடனை அடைக்கலாமா, அடைத்தால் லாபமா, எங்கே சிக்கல் வரும் என்ற கேள்விகள் அங்கிருந்தே எழுகின்றன.

சுருக்கமான விடை: மாணவரின் வாழ்க்கைச் செலவுக்காக மாதந்தோறும் வழங்கப்படும் உதவித்தொகையை அவர் தம் விருப்பப்படி செலவிடலாம், கடன் தவணையும் அதில் அடங்கும். ஆனால் உதவித்தொகை என்ற பெயரில் வரும் எல்லாப் பணமும் அத்தகையது அன்று.

எந்தப் பணம் மாணவருக்குரியது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு, அதாவது ஜேஆர்எஃப்-க்குத் தகுதி பெற்றவர்களுக்கு முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், முதுநிலை ஆய்வு உதவித்தொகையாக எஞ்சிய காலத்திற்கு மாதம் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. மொத்தக் காலம் 5 ஆண்டுகள். முன்பு 31,000, 35,000 என்றிருந்த இத்தொகைகள் 2023 ஜனவரி 1 முதல் உயர்த்தப்பட்டன. பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில் முதல் 2 ஆண்டுகள் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, கடைசி 2 ஆண்டுகள் 80,000 ரூபாய் என மாதத் தொகை அமைந்துள்ளது. கேட் தேர்வின் வழியே எம்.டெக். போன்ற படிப்புகளில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய்; இத்தொகை பல ஆண்டுகளாக மாறவில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதியின்றி முனைவர் பட்ட ஆய்வு செய்வோருக்கு மாதம் 8,000 ரூபாய் மட்டுமே.

இந்த மாதத் தொகைகள் மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படுபவை. இவற்றை எப்படிச் செலவிட்டார் என்று யாரும் ரசீது கேட்பதில்லை.

ஜேஆர்எஃப் பெறுபவருக்கு இதனுடன் ஆய்வுச் செலவு மானியமும் உண்டு. அறிவியல் பாடங்களுக்கு முதல் 2 ஆண்டுகள் ஆண்டுக்கு 12,000 ரூபாய், பின்னர் 25,000; கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு முறையே 10,000, 20,500. நூல்கள், வேதிப்பொருள்கள், களப்பணிப் பயணம் போன்றவற்றுக்கான இப்பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்று அளிக்க வேண்டும். பிரதமரின் திட்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஆய்வு மானியமும் இவ்வகையைச் சேர்ந்ததே. இதிலிருந்து ஒரு ரூபாயைக்கூடக் கடன் தவணைக்குத் திருப்ப முடியாது. கல்விக் கட்டணத்தை ஈடுசெய்ய வழங்கப்படும் தொகையும் கட்டணத்துக்கு மட்டுமே உரியது. வீட்டு வாடகைப் படி இடைப்பட்ட நிலையில் உள்ளது: விடுதி அறை கிடைக்காதவருக்கு மட்டுமே அது உரியது, வெளியே தங்கி வாடகை தருபவர் கையில் அதில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சேர்க்கையின்போதே கவனிக்க வேண்டும். சில உதவித்தொகைத் திட்டங்களில், படிப்பைப் பாதியில் விட்டால் பெற்ற தொகையைத் திருப்பித் தருவதாக மாணவரிடம் உறுதிமொழி வாங்கப்படுகிறது. வங்கிக்குச் சென்றுவிட்ட பணம் திரும்பி வராது. ஆகவே ஆய்வைத் தொடர்வதா, வேலைக்குப் போவதா என்ற தயக்கத்தில் இருப்பவர், அந்த உறுதிமொழியைப் படித்துவிட்டுப் பெரிய தொகைகளைச் செலுத்துவது நல்லது.

தவணை எப்போது தொடங்குகிறது?

வங்கிகள் இன்று பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்தது. பின்னர் பலமுறை திருத்தியது. தற்போதைய நிலையில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணைத் தள்ளிவைப்புக் காலம். வங்கிக் கிளைகளில் இதனை மொரட்டோரியம் என்றே கூறுவர். அதன்பின் கடனை 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். தள்ளிவைப்புக் காலத்தில் தனிவட்டி மட்டுமே கணக்கிடப்படும். அது முடிந்ததும், அதுவரை சேர்ந்த வட்டி அசலுடன் சேர்க்கப்பட்டு, மொத்தத் தொகைக்கு மாதத் தவணை நிர்ணயிக்கப்படும்.

சிக்கல் இந்த ஓராண்டில்தான் இருக்கிறது. இளநிலைப் பட்டம் முடித்த கையோடு முதுநிலையில் சேர்ந்தவருக்கு முதலாம் ஆண்டு முடியும்போது அந்த ஓராண்டும் முடிந்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது தவணையும் தொடங்குகிறது. எம்.டெக். மாணவரிடமாவது 12,400 ரூபாய் இருக்கும். எம்.ஏ., எம்.எஸ்சி. மாணவர்களில் பெரும்பாலோரிடம் அதுவும் இல்லை. ஜேஆர்எஃப் கைக்கு வருவதற்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கும். இந்த இடைவெளியில் தவணையைச் சுமப்பவர், கடன் பத்திரத்தில் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்ட தந்தையோ தாயோதான்.

மேற்படிப்பில் சேர்ந்தவர், கல்வி நிறுவனத்திடமிருந்து போனஃபைடு சான்றிதழ் பெற்று, தள்ளிவைப்புக் காலத்தை நீட்டிக்கக் கோரி வங்கிக்கு விண்ணப்பிக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. முதல் தவணை நாளுக்கு முன்பே, எழுத்து வடிவில் விண்ணப்பித்து, ஒப்புதலையும் எழுத்து வடிவில் பெறுவது முக்கியம். கிளை மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன ஆறுதல், அவர் இடமாற்றத்தில் சென்ற மறுநாள் செல்லாததாகிவிடும்; வங்கியின் கணினிக்குத் தெரிந்தது தவணை நாள் மட்டுமே.

நீட்டிப்புக்கும் விலை உண்டு. ஆண்டுக் குடும்ப வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட மாணவர்களின் தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்கான கடனில், தள்ளிவைப்புக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசு தன் வட்டி மானியத் திட்டத்தின் கீழ் ஏற்கிறது. அம்மானியம் படிப்புக் காலத்தோடும் அதற்குப் பிந்தைய ஓராண்டோடும் நின்றுவிடும். அதன்பின் வங்கி எத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொண்டாலும் வட்டி மாணவர் தலையில்தான் ஏறும். மேலும் இம்மானியம் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே: இளநிலைக்குப் பெற்றவர் முதுநிலைக்குப் பெற இயலாது.

ஒரு கணக்கு

பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 ஆண்டுகளில் 4 லட்சம் ரூபாய் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இத்தொகை வரை பிணையோ மூன்றாம் நபர் உத்தரவாதமோ தேவையில்லை என்பதால், எளிய குடும்பங்களின் கடன் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. ஐந்தாம் ஆண்டின் முடிவில் தனிவட்டி 1.40 லட்சம் சேர்ந்திருக்கும். வட்டி மானியம் பெறாதவருக்குத் தவணை தொடங்கும் நாளில் நிலுவை 5.40 லட்சம். மானியம் பெற்றவருக்கு அது 4 லட்சமாகவே இருக்கும்.

5.40 லட்சத்தை 15 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 5,800 ரூபாய். பார்வைக்குச் சிறிய தொகை. ஆனால் 15 ஆண்டுகளின் முடிவில் கட்டிய மொத்தம் 10.44 லட்சத்தைத் தாண்டியிருக்கும். வட்டி மட்டும் 5 லட்சத்துக்கு மேல். அதே கடனுக்கு ஜேஆர்எஃப் பெறும் ஆய்வாளர் மாதம் 12,000 ரூபாய் செலுத்தினால் 57 மாதங்களில் கடன் முடிந்துவிடும். அதாவது உதவித்தொகைக் காலமான 5 ஆண்டுகளுக்குள். வட்டியாகச் செல்வது சுமார் 1.40 லட்சம். மிச்சம் ஏறத்தாழ 3.6 லட்சம் ரூபாய். வேலை தேடத் தொடங்கும் நாளில் கடன் இல்லை என்பதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. ஆனால் கிடைத்த முதல் வேலையை ஏற்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அது ஒருவரை விடுவிக்கிறது.

இந்தக் கணக்கு 37,000 ரூபாய்க்குத்தான் பொருந்தும். 12,400 ரூபாய் பெறும் எம்.டெக். மாணவருக்கு 5,800 ரூபாய்த் தவணை என்பது வருவாயில் ஏறத்தாழப் பாதி. விடுதி, உணவுக் கட்டணம் போக அவ்வளவு மிஞ்சுமா என்பது ஐயமே. அவருக்கு ஏற்றது வேறு வழி: வங்கி நீட்டிப்பை ஏற்றால், 4 லட்சம் அசலுக்கான மாத வட்டியான சுமார் 3,333 ரூபாயை மட்டும் செலுத்திவரலாம். அசல் குறையாது, ஆனால் 2 ஆண்டுகளில் புதிதாகச் சேர்ந்திருக்க வேண்டிய 80,000 ரூபாய் வட்டி நிலுவையில் ஏறாது. படிப்புக் காலத்திலும் தள்ளிவைப்புக் காலத்திலும் வட்டியைத் தவறாமல் செலுத்துவோருக்கு வட்டி விகிதத்தில் 1 சதவீதம் வரை சலுகை தரவும் மாதிரித் திட்டம் வங்கிகளுக்கு இடமளிக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் இது பெரிய எழுத்தில் இருப்பதில்லை. கேட்டுப் பெற வேண்டும். மாதம் 8,000 ரூபாய் மட்டும் பெறும் ஆய்வாளரைப் பொறுத்தவரை, உதவித்தொகையைக் கொண்டு கடனை அடைப்பது என்ற பேச்சே பொருளற்றது. அவருக்கு நீட்டிப்பு ஒன்றே வழி.

கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் உண்டா என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர்களுக்கு வழங்கப்பட்ட கடன்களை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டுள்ளது. கூடுதலாகச் செலுத்தும்போது, தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், கடன் காலத்தைக் குறைக்க வேண்டும் என்று வங்கிக்கு எழுதித் தருவதே ஆதாயம்.

தாமதம் என்னும் ஆபத்து

காகிதத்தில் சீராகத் தோன்றும் இந்தத் திட்டத்தைக் குலைப்பது உதவித்தொகை வரும் நாள். மாதக் கணக்கில் தொகை வராமல் போனதைக் கண்டித்து ஆய்வு மாணவர்கள் பல்கலைக்கழகங்களில் போராடுவது நாட்டின் பல பகுதிகளில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது. ஜேஆர்எஃப் தொகை விடுவிக்கப்பட, கல்வி நிறுவனம் மாதந்தோறும் இணையதளத்தில் மாணவரின் பெயரை உறுதிசெய்ய வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் விடுப்பில் சென்றாலும் அந்த மாதம் தவறிப்போகலாம். மூத்த ஆய்வாளராக உயரும் கட்டத்தில் மதிப்பீட்டுக் குழு கூடத் தாமதமானாலும் இதே நிலை ஏற்படலாம்.

வங்கியின் நாள்காட்டியோ இதற்காகக் காத்திருப்பதில்லை. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதற்கு முன்பே, ஒவ்வொரு தாமதமும் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறும். அந்தப் பதிவு மாணவர் பெயரில் மட்டுமின்றி இணைக் கடனாளியான பெற்றோர் பெயரிலும் அமையும். மகனின் உதவித்தொகை 4 மாதம் தாமதமானதால் தந்தைக்குப் பயிர்க்கடனோ நகைக்கடனோ எளிதில் கிடைக்காத நிலை உருவாகலாம் என்பதை, தானியங்கிப் பற்றுக்கு ஒப்புதல் அளிக்கும்போது பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தானியங்கிப் பற்றுக்குரிய நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால் அதற்கெனத் தனிக் கட்டணமும் விழும்.

ஆகவே, முதல் சில மாதத் தொகையிலிருந்து குறைந்தது 3 தவணைகளுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கிவைத்த பிறகே கூடுதல் தொகை செலுத்தத் தொடங்குவது பாதுகாப்பானது. மாதம் 12,000 செலுத்த முடிந்தவரும் வங்கியிடம் 12,000 ரூபாய்த் தவணைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. தவணையை 5,800 ரூபாயாகவே வைத்துக்கொண்டு, பணம் வந்த மாதத்தில் எஞ்சியதைக் கூடுதலாகச் செலுத்தலாம். உதவித்தொகை தவறிய மாதத்தில் தேவைப்படுவது அப்போது 5,800 மட்டுமே. 6 மாத நிலுவை ஒரே நாளில் வந்து சேரும்போது, முதலில் தவறிய தவணைகளையும் பிறகு அசலையும் குறைக்க அதைப் பயன்படுத்தலாம். கடன் வாங்கிய வங்கியிலேயே உதவித்தொகைக் கணக்கும் இருந்தால், தவறிய தவணைக்காக அக்கணக்கில் உள்ள பணத்தை ஈடுசெய்துகொள்ளும் உரிமையை வங்கி கோரக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உணவு விடுதிக்குக் கட்ட வைத்திருந்த பணமும் அதில் போய்விடலாம்.

வரிச் சலுகையில் ஒரு நுணுக்கம்

கல்விச் செலவுக்காக வழங்கப்படும் உதவித்தொகைக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு வரிவிலக்கு அளித்தது. அதே சட்டத்தின் 80இ பிரிவு, கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன.

80இ பிரிவின் சொற்களைக் கூர்ந்து படித்தால் இரண்டு செய்திகள் தெரியவரும். ஒன்று, வட்டி 'வரிக்கு உட்பட்ட வருமானத்திலிருந்து' செலுத்தப்பட்டிருக்க வேண்டும். உதவித்தொகை வரிவிலக்கு பெற்றது. எனவே அதிலிருந்து கட்டிய வட்டிக்குக் கழிவு இல்லை. மற்றொன்று, வட்டி செலுத்தத் தொடங்கிய ஆண்டும் அதைத் தொடரும் 7 ஆண்டுகளுமே கழிவுக்குரிய காலம். ஆய்வுக் காலத்தில் வட்டி கட்டத் தொடங்கினால் அந்த 8 ஆண்டுக் கணக்கும் அன்றே தொடங்கிவிடுகிறது. 5 ஆண்டு ஆய்வுக்குப் பின் வேலைக்குச் செல்பவருக்கு எஞ்சுவது 3 ஆண்டுகள்தான்.

இதைக் காரணம் காட்டி, வேலை கிடைக்கும் வரை வட்டி கட்டாமல் இருப்பதே மேல் என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. கணக்கு அதை ஆதரிக்கவில்லை. 20 சதவீத வரி வரம்பில் இருப்பவர் 100 ரூபாய் வட்டி கட்டினால் மிச்சமாகும் வரி, கூடுதல் தீர்வையை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், 20 ரூபாய். எஞ்சிய 80 ரூபாய் வங்கிக்கே போகிறது. அந்த வட்டியே வராமல் தடுப்பது எப்போதும் பெரிய சேமிப்பு. மேலும், இக்கழிவு பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே உண்டு. பிள்ளையின் உயர்கல்விக்காகக் கடன் பெற்றவர் என்ற நிலையில் உள்ள பெற்றோர், தம் வரிக்குட்பட்ட வருமானத்திலிருந்து வட்டியைச் செலுத்தினால் பழைய முறையில் அவர்கள் கழிவு கோரலாம். அத்தகைய குடும்பத்தில் பெற்றோர் வட்டியையும் ஆய்வாளர் அசலையும் பகிர்ந்துகொள்ள எண்ணினால், கணக்குத் தணிக்கையாளரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

புதிய கடன் வாங்குவோர் கவனத்துக்கு

உதவித்தொகையும் கடனும் ஒரே படிப்புக்கு வரும்போது விதி வேறு. 4 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனில் மாணவர் தம் பங்காகச் செலுத்த வேண்டிய தொகை, உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம். உதவித்தொகையை இந்தப் பங்கில் கணக்கிட்டுக்கொள்ளலாம். 2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், ஆண்டுக் குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களின் 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குத் தள்ளிவைப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால் வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவருக்கு இம்மானியம் கிடையாது. இரண்டில் எது பெரியது என்று கணக்கிட்ட பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

பழைய கடனில் தவணை தவறியவர் மேற்படிப்புக்கு மீண்டும் கடன் கேட்கும்போது, அவரது சிபில் மதிப்பெண் தடையாக நிற்பது வழக்கம். குறைந்த மதிப்பெண்ணை மட்டும் காரணமாக்கிக் கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது. எனினும் ஒவ்வொரு மாணவரும் நீதிமன்றப் படியேற முடியாது என்பதே நடைமுறை.

கடன் முடிந்த பின்

கடைசித் தவணை சென்றதும் கணக்கு தானாக மூடப்பட்டுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. சில நூறு ரூபாய் வட்டி மிச்சம் நின்று, ஆண்டுகள் கழித்து நிலுவையாகத் தலைகாட்டுவதுண்டு. வங்கியிடமிருந்து நிலுவையில்லாச் சான்று பெற்று, ஓரிரு மாதங்களுக்குப் பின் மாணவர், பெற்றோர் இருவரின் கடன் அறிக்கையிலும் கணக்கு மூடப்பட்டதாகப் பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்காக வீட்டுப் பத்திரத்தையோ நிலப் பத்திரத்தையோ ஈடாகக் கொடுத்திருந்தால், கடன் முழுவதும் அடைக்கப்பட்ட 30 நாள்களுக்குள் அவற்றை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.